தானாக ஒலிக்கும் மணி வாத்தியம்: பழையதைச் சீராக்குவதும் புதிதாகச் செய்வதும்

நீங்கள் கேட்டவை இரண்டு. குடும்பத்தில் வழிவழியாக வந்த சுவிட்சர்லாந்து இசைப்பெட்டி ஒன்று, ஆறு மணிகளும் அவற்றை அடிக்கும் வண்ணத்துப்பூச்சி வடிவச் சுத்தியல்களும் கொண்டது, பாதிப் பாட்டில் நின்றுபோய்விட்டது. அதை வீட்டிலேயே திறந்து சரிசெய்யலாமா என்பது முதல் கேள்வி. அதைப் போலத் தானாக வாசிக்கும் மணி வாத்தியம் ஒன்றைச் சொந்தமாகச் செய்வதென்றால் மணிகளை எங்கே தேடுவது, எங்கிருந்து தொடங்குவது என்பது இரண்டாவது. விரிவாகச் சொல்வதற்கு முன் ஓர் அவசர எச்சரிக்கை: பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்ன விசிறியை விரலால் தட்டிவிடவோ அதைத் தாங்கும் திருகுகளைத் தளர்த்தவோ வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது. அதுவரை மூடியைச் சாத்தியே வையுங்கள்.

இந்த வேலையைப் பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகச் செய்துவருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் மணியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சுத்தியலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. மணியை ஒலிக்க வைப்பது பெரிய காரியமே அல்ல, அதற்குச் சமையலறைக் கரண்டி போதும். அடித்த கணத்திலேயே சுத்தியலை விலக்கி, மணியை அதன் போக்கில் ஒலிக்க விட்டு, அடுத்த அடிக்கு ஆயத்தமாக நிறுத்துவதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. ஆயிரத்தில் சில பங்கு நொடி அதிகமாக மணியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல், தான் எழுப்பிய ஒலியைத் தானே விழுங்கிவிடும். தீபாராதனை நேரத்தில் மோட்டாரில் ஓடும் கோயில் மேளமணி இயந்திரத்தை அருகில் நின்று பார்த்திருந்தால் இது புரியும்: கோல் துள்ளி எழுந்தால் சேகண்டி கணீரென்று நீளும், கோலின் கை தளர்ந்து தொங்கினால் அதே சேகண்டி தகர டப்பாவைப் போல 'டக்' என்று நின்றுவிடும். உங்கள் இசைப்பெட்டியில் நடப்பதும், ஐரோப்பிய மணிக்கூண்டுகளில் நடப்பதும் இதேதான்.

மணிக்கூண்டுகளைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நீங்கள் செய்யப்போகும் பொறிக்கு மூத்த உறவினர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் புரூஜ் நகர மணிக்கூண்டில் 47 மணிகள் இருக்கின்றன. அவற்றைத் தானாக ஒலிக்கச் செய்வதற்கென 1748ஆம் ஆண்டு செய்யப்பட்ட உலோக உருளை சுமார் 9 டன் எடையும் 30,500 சதுரத் துளைகளும் கொண்டது. பாட்டை மாற்ற வேண்டுமானால் அந்தத் துளைகளிலிருந்து முளைகளைக் கழற்றி வேறு துளைகளில் முடுக்குவார்கள். உருளை சுழலும்போது முளை ஒரு நெம்புகோலைத் தூக்கும், நெம்புகோலில் கட்டிய கம்பி மேலே மணியின் வெளிப்புறத்தில் உள்ள சுத்தியலை இழுத்து வைக்கும், முளை நழுவியதும் சுத்தியல் விழுந்து மணியை அடிக்கும். விழுந்த சுத்தியல் மணிமேல் படுத்துக்கிடக்காமல் இருக்க ஒரு வில், அதைச் சற்றே எட்டத்தில் தாங்கி நிறுத்தும். கனமான சுத்தியலை மறுபடி தூக்குவதற்கு நேரம் பிடிப்பதால், ஒரே சுரம் அடுத்தடுத்து வரும் பாட்டுகளுக்காக ஒரு மணிக்கே இரண்டு மூன்று சுத்தியல்களைப் பொருத்துவது இக்கூண்டுகளில் வழக்கம். வீட்டில் செய்கிறவர்களும் இந்தத் தந்திரத்துக்குத்தான் கடைசியில் வந்து சேர்வார்கள்.

இனி உங்கள் பெட்டி. வண்ணத்துப்பூச்சி, தேனீ, சீன உருவம் போன்ற சுத்தியல்களும் கண்ணில் படும்படி நிறுத்திய மணிகளும் கொண்ட பெட்டிகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெனீவாவிலும் செயின்ட் குரோவா ஊரிலும் ஏராளமாகச் செய்யப்பட்டவை. உள்ளே மூன்று பகுதிகள் இருக்கும்: சாவி கொடுத்தால் இறுகும் சுருள்வில், ஆயிரக்கணக்கான மெல்லிய ஊசிமுளைகள் பதித்த பித்தளை உருளை, அந்த முளைகள் மீட்டும் எஃகுச் சீப்பு. உருளையின் மறுமுனையில் பல்சக்கரங்கள் வரிசையாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் ஒரு புரியச்சையும் அதன் தலையில் உள்ள சின்ன விசிறியையும் சுழற்றும். சுருள்வில்லின் முழு வலிமையையும் அடக்கி ஆள்வது அந்த விசிறியின் காற்றுத்தடை ஒன்றுதான். வில் இறுகியிருக்கும் நிலையில் விசிறியையோ அதன் அச்சையோ யாராவது கழற்றினால் உருளை ஒரே பாய்ச்சலில் சுழன்று, முளைகள் வளைந்து முறிந்து, சீப்பின் பற்கள் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இரண்டு மூன்று நொடிகளில் முடிந்துபோகும் இந்த விபத்தைச் சரிசெய்வதற்கு, உருளைக்கு முழுவதும் புதிய முளை பதிக்க வேண்டிவரும். அந்தச் செலவு பல நேரங்களில் பெட்டியின் விலையையே மிஞ்சும்.

ஆகவே முதல் வேலை, வில்லில் இறுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது. சாவி நெம்புகோலை ஒரே ஒரு பல் அளவுக்கு மெல்ல இழுத்துப் பாருங்கள். உடனே கனத்து எதிர்த்தால் வில் இறுகியிருக்கிறது என்று பொருள். இப்படிப் பாதிப் பாட்டில், இறுகிய வில்லோடு நிற்கும் பெட்டியை முதன்முறையாக இந்த வேலைக்கு வருகிறவர் கழற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. பழைய கடிகாரங்களும் இசைப்பெட்டிகளும் பார்க்கும் அனுபவசாலி ஒருவரைக்கொண்டு, வில்லின் இறுக்கத்தை முறைப்படி இறக்கும் வேலையை மட்டுமாவது முடித்துக்கொள்ளுங்கள். தானாக ஓடி ஓய்ந்த பெட்டியிலும் வில் முற்றிலும் தளர்ந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். அளவுக்கு மேல் இறுகாமலும் தளராமலும் இருக்க வில் உறையின்மேல் சிலுவை வடிவத் தடுப்பு ஒன்று இருக்கும், அது கொஞ்சம் இறுக்கத்தை எப்போதும் மிச்சம் வைத்திருக்கும்.

வில் அடங்கிய பிறகு, உருளையை அடுத்த பாட்டு தொடங்கும் இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே முளைகளே இல்லாத ஒரு மெல்லிய பட்டை இருக்கும். சீப்பின் நுனிகள் அந்தப் பட்டைக்கு நேராக நிற்கும்போது மட்டுமே சீப்பைக் கழற்றலாம். முளைகள் நேராக நிற்காமல் ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருப்பதைப் பார்த்துப் பலர் 'வளைந்துவிட்டன' என்று பதறி நிமிர்த்தத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தச் சாய்வைச் செய்தவர்களே கொடுத்தார்கள். எல்லா முளையும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தால் அது பழுதல்ல. கூட்டத்தில் ஒன்றிரண்டு மட்டும் வேறு திசையில் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சீப்பைத் திருப்பிப் பார்த்தால் தாழ்ந்த சுரப் பற்களின் அடியில் காரீயக் கட்டிகள் தொங்குவதையும், பற்களின் நுனிக்கடியில் முடி போன்ற எஃகுக் கம்பிகளையும், உச்சச் சுரங்களுக்கு வரும்போது கம்பிக்குப் பதிலாகப் பறவை இறகின் சீவலையும் காண்பீர்கள். அதிர்ந்துகொண்டிருக்கும் பல்லை அடுத்த முளை தொடும்போது எழும் கீச்சொலியை அடக்குவது கம்பியின், இறகின் வேலை; சுரத்தைத் தாழ்த்துவது காரீயத்தின் வேலை. வெள்ளைப் பொடியாகக் காரீயம் உதிர்ந்திருந்தால் சுரம் ஏறிப்போயிருக்கும். அந்தப் பொடி நஞ்சு; ஊதக் கூடாது, கையுறை போட்டுக்கொண்டு ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எண்ணெய் போடுவதைப் பொறுத்தவரை, சைக்கிள் செயினுக்கு அடிப்பது போல ஸ்பிரே எண்ணெயை உள்ளே பீய்ச்சுவது இப்பெட்டிகளுக்கு இழைக்கப்படும் மிகப் பொதுவான கொடுமை. கடிகார எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு, அச்சுகள் தாங்கும் குழிகளில் ஒரு துளி, விசிறி அச்சின் தலை நிற்கும் சிறு கல்லில் ஒரு துளி, அவ்வளவே. இறகுத் துண்டில் எண்ணெய் பட்டால் அது பல்லோடு ஒட்டிக்கொண்டு அந்தச் சுரத்தையே ஊமையாக்கிவிடும். பாதியில் நின்ற பெட்டிகளில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை, பழைய எண்ணெய் விசிறி அச்சில் அரக்காக இறுகியதால் நின்றவைதாம்.

மணிப் பகுதி இதில் தனிக் குடித்தனம். உருளையில் மணிகளுக்கென்றே ஒதுக்கிய சில முளைகள் தனி நெம்புகோல்களைத் தூக்க, அவற்றிலிருந்து போகும் மெல்லிய கம்பிகள் வண்ணத்துப்பூச்சிகளை அசைக்கின்றன. ஓய்வு நிலையில் ஒவ்வொரு சுத்தியலின் தலையும் மணியைத் தொடாமல் நிற்க வேண்டும். நான் இதற்கு விசிட்டிங் கார்டுகளைப் பயன்படுத்துகிறேன்: இரண்டு அட்டைகளைச் சேர்த்து மணிக்கும் சுத்தியலுக்கும் நடுவில் செருகினால் உரசாமல் போய்வர வேண்டும், மூன்றாவது அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் நெம்புகோலை நகத்தால் தூக்கி விடுங்கள். சுத்தியலின் தண்டு வில்லாக வளைந்து, தலை மட்டும் முன்னால் போய் மணியைத் தொட்டுத் திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடைவெளி இல்லாவிட்டால் ஒலி இறந்துவிடும். கூடிப்போனால் மெதுவான இடங்களில் தலை மணியை எட்டாது. சரிசெய்வதற்குத் தண்டை அதன் அடியில், நுனி மழுங்கிய குறட்டால், மயிரிழை அளவு மட்டும் வளைக்க வேண்டும். தலையைப் பிடித்து வளைத்தால் பற்றவைப்பு விட்டுப்போகும்.

மணிகளைக் கழற்றினால் எந்த மணி எந்த இடத்தில் என்று முதலிலேயே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சுரம் வேறு. மேலே உள்ள திருகை முறுக்கி இறுக்கினால் மணியின் குரல் கம்மிவிடும், அங்கே ஒரு தோல் வளையம் இருந்திருந்தால் அதே கனத்தில் புதுத் தோல் போடுங்கள். பளபளப்புக்காக மணியைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டாம். நூற்றாண்டுக் கருமை ஒலியைக் கெடுப்பதில்லை; தேய்த்தெடுத்த உலோகமும் மேல்வேலைப்பாடும் திரும்பி வருவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மணிகளை எங்கே தேடுவது என்றால், என் பதில்: தேட வேண்டாம். வார்ப்பு மணி வீட்டு வேலைக்குப் பொருந்தாது. மணி வெண்கலம் என்பது ஏறத்தாழ 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தது. அதை உருக்கி ஊற்றும் வெப்பம் கொல்லைப்புறத்தில் விளையாடக்கூடியதல்ல. வாங்கிய மணிகளைச் சேர்த்தாலும் சுரம் சேராது. ஏனென்றால் ஒரு மணிக்குள் ஒரே சுரம் இல்லை. நாம் கேட்கும் சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒன்று, மேலே சாதாரண காந்தாரம் ஒன்று, பஞ்சமம் ஒன்று, அடுத்த ஸ்தாயி ஷட்ஜம் ஒன்று என ஐந்து முக்கிய அதிர்வுகள் சேர்ந்ததே மணியின் குரல். இவை ஐந்தும் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்க, மணியின் உட்புறத்தை எங்கெங்கே எவ்வளவு செதுக்க வேண்டும் என்பதைப் பார்வையற்ற இசைக்கலைஞர் யாக்கோப் வான் எய்க்கின் துணையோடு கண்டறிந்தவர்கள் நெதர்லாந்தில் பணியாற்றிய பிரான்சுவா, பீட்டர் ஹெமோனி சகோதரர்கள். 1644இல் சூட்ஃபென் நகரக் கோபுரத்துக்காக அவர்கள் வார்த்தவையே முதன்முதலாகச் செம்மையாகச் சுருதி சேர்ந்த மணித்தொகுதி என்று கருதப்படுகிறது. அவ்வளவு செம்மையான மணியிலும், உள்ளேயே சாதாரண காந்தாரம் ஒலித்துக்கொண்டிருப்பதால், அதைவிட அரைச் சுரம் உயர்ந்த அந்தர காந்தாரம் வரும் பாட்டை அடுக்கடுக்காக வாசித்தால் காதில் ஒரு கசப்பு ஏறும். இதை நம் காது, சங்கராபரணம் கேட்டுப் பழகிய காது, உடனே கண்டுகொள்ளும்.

வீட்டுக்கு ஏற்றது குழாய். குழாயை மணியாகப் பயன்படுத்துவதற்கு இங்கிலாந்தின் கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் ஹாரிங்டன் 1884இல் காப்புரிமை பெற்றார். பிறகு அமெரிக்காவில் சிகாகோவின் டீகன் நிறுவனம் கோபுரங்களுக்கும் இசைக்குழுக்களுக்கும் வீட்டு வாசல்களுக்கும்கூடக் குழாய் மணிகளைச் செய்து தள்ளியது. ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் இசைக்குழுக் குழாய்களில் ஒரு விந்தை உண்டு: நாம் கேட்கும் சுரம் அந்தக் குழாயில் அதிர்வாக இல்லவே இல்லை. அதன் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது அதிர்வுகள் கிட்டத்தட்ட 2:3:4 என்ற விகிதத்தில் அமைவதால், 1 என்ற இடத்தில் ஒரு சுரம் இருப்பதாக நம் மூளை தானே கற்பித்துக்கொள்கிறது. முதன்முறையாகச் செய்கிறவருக்கு இந்த நீளக் குழாய்கள் வேண்டாம். குட்டையான குழாய்களில் முதல் அதிர்வே சுரமாகக் கேட்கும், கணக்கும் எளிது.

25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.5 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட அலுமினியக் குழாயை எடுத்துக்கொள்வோம். இரண்டு முனையும் கட்டற்று இருக்கும் குழாயின் அதிர்வெண், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். இந்தக் குழாய்க்கு 150ஐ, மீட்டரில் அளந்த நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அதிர்வெண் ஹெர்ட்ஸில் வந்துவிடும். 53.5 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 523 ஹெர்ட்ஸ், அதாவது மேற்கத்திய நடு ஸ்தாயிக்கு அடுத்த 'சி'. ஒரு ஸ்தாயி ஏற நீளத்தைப் பாதியாக்கக் கூடாது. 2இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும், 37.8 சென்டிமீட்டர் வரும். ஒவ்வோர் அரைச் சுரத்துக்கும் முந்தைய நீளத்தை 0.9715ஆல் பெருக்கிக்கொண்டே போனால் முழு அட்டவணையும் கிடைத்துவிடும். கணக்கு வழிகாட்டி மட்டுமே. குழாய்க்குக் குழாய் சுவரின் கனம் வேறுபடும். ஆகவே இரண்டு மில்லிமீட்டர் மிகையாக அறுத்து, கைபேசியில் சுருதி காட்டும் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, முனையை அரத்தால் ராவிக்கொண்டே வர வேண்டும். 53.5 சென்டிமீட்டர் குழாயில் ஒரு மில்லிமீட்டர் ராவினால் சுருதி அரைச் சுரத்தின் நூறில் ஆறு பங்கு ஏறும், 37.8 சென்டிமீட்டர் குழாயில் அதே ஒரு மில்லிமீட்டர் ஒன்பது பங்கு ஏற்றும். ராவும்போது குழாய் சூடாகி, சூட்டில் சுருதி இறங்கிக் காட்டும் என்பதால், ஐந்து நிமிடம் ஆறவிட்டு மறுபடி பார்த்த பிறகே அடுத்த ராவல். அவசரப்பட்டு இரண்டு குழாய்களை வீணாக்கிய பிறகு நான் கற்றது இது.

குழாயைத் தாங்க வேண்டிய இடம், முனையிலிருந்து நீளத்தில் 22.4 சதவீதம் தள்ளி இருக்கும், 53.5 சென்டிமீட்டர் குழாய்க்கு அது 12 சென்டிமீட்டர். அந்தப் புள்ளியில் அதிர்வு சூனியம் என்பதால் அங்கே துளையிட்டுக் கட்டினாலும் ஒலி குறையாது, ஓர் அங்குலம் தள்ளிக் கட்டினால் பாதி ஒலி கயிற்றுக்குள் போய்விடும். கணக்கை நம்பாவிட்டால் இரண்டு விரலால் குழாயைப் பிடித்துக்கொண்டு, இடத்தை நகர்த்தி நகர்த்தித் தட்டிப் பாருங்கள். எங்கே மிக நீளமாக ஒலிக்கிறதோ அதுதான் இடம்.

நான் செய்த முதல் வாத்தியத்தில் 15 குழாய்களைத் தூண்டிலுக்குப் பயன்படுத்தும் நைலான் நரம்பில் செங்குத்தாகத் தொங்கவிட்டிருந்தேன். பகலில் நன்றாக வாசித்த வாத்தியம் இரவானால் மூன்று குழாய்களில் கரகரக்கும். நரம்பை மாற்றினேன், சுத்தியலின் தோலை மாற்றினேன், இரண்டு நாள் மின்சுற்றையே சந்தேகப்பட்டேன். இரவில் மட்டும் மின்விசிறி போட்டுக்கொண்டு வேலை செய்கிறேன் என்பதும், அந்தக் காற்றில் குழாய்கள் நூலளவு ஆடிச் சுத்தியல் தலையில் உரசுகின்றன என்பதும் பிறகுதான் உறைத்தது. அதன்பின் குழாய்களைப் படுக்கையாக வைத்து, இரண்டு தாங்குபுள்ளிகளிலும் ஃபெல்ட் துணி சுற்றிய கட்டையின்மேல் கிடத்தி, நடுவில் அடிக்கும்படி மாற்றிவிட்டேன். நடுவில் அடிப்பதில் இன்னொரு லாபம், இரண்டாவது அதிர்வு அங்கே எழவே எழாது. குரல் துப்புரவாக இருக்கும். சுத்தியல் தலைக்கு உலோகம் வேண்டாம். கடின மரக் குண்டின்மேல் மெல்லிய தோல் ஒட்டினால் போதும். தோல் தடிக்கத் தடிக்க ஒலி மழுங்கும்.

வாசிக்க வைக்கும் பொறிக்கு இரண்டு வழிகள். முளை உருளை முதலாவது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள மர உருளைக்குச் சுற்றளவு 62.8 சென்டிமீட்டர், பாட்டை 64 படிகளாகப் பிரித்தால் படிக்கு 9.8 மில்லிமீட்டர் வரும். 32 நொடியில் ஒரு சுற்று வரும்படி வேகம் குறைத்த மோட்டாரைக் கோத்தால் நொடிக்கு இரண்டு படிகள். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒலி எழுவது முளை நெம்புகோலைத் தூக்கும்போது அல்ல, விடும்போது. ஆகவே முளையின் நடுப்புள்ளியையோ முன்விளிம்பையோ கோட்டில் வைத்து அடித்தால், தடிமன் வேறுபடும் முளைகள் முன்னும் பின்னுமாக ஒலிக்கும். பின்விளிம்பைத்தான் கோட்டில் வைக்க வேண்டும். மேற்சொன்ன வேகத்தில் உருளைப் பரப்பு நொடிக்கு 20 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு மில்லிமீட்டர் பிசகு என்றால் நொடியில் இருபதில் ஒரு பங்கு. சேர்ந்து ஒலிக்க வேண்டிய இரண்டு சுரங்கள் அந்த அளவு பிரிந்தால் தடுமாறி ஏறும் காலடி போலக் கேட்கும். முளைகளையும், நெம்புகோல் நுனிகள் நிற்கும் நேர்கோட்டையும் கால் மில்லிமீட்டருக்குள் அடக்கிவிட்டால் காது மன்னித்துவிடும். நெம்புகோல்களை முதலில் பொருத்தி, நுனிகளை இழுத்துக் கட்டிய நூலுக்கு நேராக ராவிய பிறகே முளை அடிக்கத் தொடங்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும்.

இரண்டாவது வழி சாலினாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டை உதைத்துத் தள்ளும் கம்பிச் சுருள். குழாய்க்கு ஒன்றாக 24 வோல்ட் சாலினாய்டு, அதற்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சு, எல்லாவற்றையும் ஆளும் ஆர்டுயினோ என்ற சிறு கணினிப் பலகை என்று அமைத்தால், சுரங்களைக் கணினிக் கட்டளைகளாக எழுதுவதற்கென 1983இல் வந்த மிடி முறையில் எழுதிய எந்தப் பாட்டையும் கணினியிலிருந்து அனுப்பி வாசிக்க வைக்கலாம். ஆனால் சாலினாய்டு தண்டே குழாயை அடிக்கும்படி வைக்காதீர்கள். மின்சாரம் இருக்கும் வரை தண்டு குழாயின்மேல் அழுந்தி நிற்கும், ஒலி செத்துவிடும். தண்டு சுத்தியலின் வாலை உதைக்க வேண்டும், சுத்தியல் குழாயைத் தொடுவதற்குச் சற்று முன்பே தண்டின் ஓட்டம் முடிந்துவிட வேண்டும், மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தில் தனியாகக் கடக்க வேண்டும். 1700ஆம் ஆண்டை ஒட்டி ஃபுளோரன்சில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி பியானோவுக்காகக் கண்ட தீர்வும் இதே கருத்துதான்.

மின்துடிப்பின் நீளமே ஒலியின் அளவு. என் வாத்தியத்தில் நொடியில் ஆயிரத்தில் 12 பங்கு கொடுத்தால் மெல்லிய ஒலி, 25 பங்கு கொடுத்தால் முழு ஒலி. 40ஐத் தாண்டினால் கனத்த தட்டல் மட்டும் கேட்கும். உங்கள் சுத்தியலின் எடைக்கு ஏற்ப இந்த எண்கள் மாறும், குழாய்க்குக் குழாய்கூட மாறும், ஆகையால் ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணை நிரலில் எழுதி வையுங்கள். மின்சாரத்தை நிறுத்தும்போது சுருளில் எழும் எதிர்மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டை எரித்துவிடாமல் இருக்க மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்றைக் குறுக்கே போடச் சொல்வார்கள், அது தேவைதான். ஆனால் வெறும் டையோடு போட்டால் சுருளில் மின்னோட்டம் மெல்ல மெல்லத்தான் அடங்கும், தண்டும் மெல்லத்தான் விடுபடும். டையோடோடு வரிசையாக, குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டினால் மட்டும் எதிர்த்திசையிலும் வழிவிடும் சீனர் டையோடு ஒன்றைச் சேர்த்தால் விடுபடுவது சட்டென்று நடக்கும்; வேகமாக வரும் இரட்டைச் சுரங்கள் தெளிவதை உடனே கேட்கலாம். அந்தச் சீனர் அனுமதிக்கும் கூடுதல் அழுத்தத்தையும் தாங்கும் மாஸ்ஃபெட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டில் எது என்று கேட்டால், முதல் முயற்சிக்கு எட்டுக் குழாய்களும் முளை உருளையும் போதும் என்பேன். சாலினாய்டு வாத்தியம் கெட்டால் எங்கே கெட்டது என்று தேட வேண்டும். உருளை கெட்டால் கண்ணுக்கே தெரியும். எட்டுக் குழாய்களையும் முழு ஸ்தாயிக்குச் செலவிடாமல் மோகனத்தின் ஐந்து சுரங்களையும் மேல் ஸ்தாயியில் மூன்றையும் வைத்துக்கொண்டால், நீண்டு ஒலிக்கும் குழாய்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் உறுத்தாது. கமகம் இதில் வராது என்பதை முன்பே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடித்த சுரத்தை அசைக்க வழியில்லை. அதனால் கீர்த்தனைகளை இதில் ஏற்ற முயல்வது வீண். பிற்பாடு 15 குழாய்கள் வரை வளர்த்தால் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைப் பாருங்கள். மேற்கத்திய மெட்டுகளின் வழியில் சங்கராபரணச் சுரங்களில் கமகமின்றி அமைந்தவை என்பதால், மணி வாத்தியத்துக்கென்றே எழுதினாற்போல உட்காரும்.

வாங்கத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே ஒரு குழாயை அறுத்து, இரண்டு ஃபெல்ட் துண்டுகளின்மேல் கிடத்தி, ஒரு சுத்தியல், ஒரு நெம்புகோல், கையால் சுழற்றும் சின்னக் கட்டையில் நான்கு முளைகள் மட்டும் செய்து, நான்கு அடியும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், கரகரப்பின்றி வரும்வரை அதோடு மல்லுக்கட்டுங்கள். எனக்கு அதற்கு மூன்று வாரம் ஆனது. அடுத்த பதினான்கு குழாய்களுக்குச் சேர்த்து இரண்டு வாரம்தான் பிடித்தது.